நாற்பது வினாடி

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வாசிப்பான் ரெஜினாவின் காதில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு மண்ணும் விளங்காது. சூடான எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குள் ஒரு முழு வெப்சைட் இருக்கும். தலைப்பு, படிவம், பட்டன், அடியில் கிடக்கும் சின்ன எழுத்து வரைக்கும் எல்லாம் இருக்கும். மனிதர் பேசுவதைப் போல மூன்றரை மடங்கு வேகம். பிறவியிலேயே பார்வையில்லாத ரெஜினாவுக்கு இது முப்பது வருஷப் பழக்கம். கொஞ்சம் கர்வமும் உண்டு. பயிற்சிக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தால், "உங்க கண்ணு ஒரு பக்கத்தை மேய்றதுக்குள்ள நான் படிச்சு முடிச்சு காப்பியும் குடிச்சிருப்பேன்" என்பாள்.

பயிற்சி மையம் திருச்சி கே.கே. நகரில், மூன்றாவது மாடியில் இருந்தது. புலன்பூட்டுச் சட்டம் வந்த பிறகு ஊருக்கு ஊர் முளைத்த மையங்களில் ஒன்று. பொதுமக்களுக்கான இணையதளம் எதைக் கட்டுகிறவரும் இங்கே மூன்று வாரம் இருந்து பாஸ் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். கழுத்துக்குப் பின்னால் ஒரு வளையம் மாட்டுவார்கள். அது மூளைக்குப் போகும் பார்வையை நிறுத்தி வைக்கும். வேண்டுமானால் காதை நிறுத்தும், கை விரல்களை நடுங்க வைக்கும். அந்த நிலையில் உட்கார்ந்து தளத்தைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். "கண்ணை மூடிக்கிட்டுத்தான் சார் சோதிச்சேன்" என்று கதை விட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓரக்கண்ணால் பார்த்தே ஓட்டியவர்கள் என்று தெரிந்த பிறகு போட்ட சட்டம் இது.

திங்கட்கிழமை காலை புதிய ஆளின் கோப்பைப் பர்வீன் வாசித்தாள். பர்வீன் மையத்தின் இன்னொரு பாதி. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அலுவலகத்தை ஆட்டி வைப்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவள்.

"இந்தத் தடவை ஒரே ஆளுதான் ரெஜி. பேரு குணசீலன். வயசு நாப்பத்தி நாலு, சொந்த ஊரு முசிறி. முன்னாடி செஞ்ச தளம்... பஸ் பாஸு, நெல் கொள்முதல், டயாலிசிஸ் முறைத் தளம்..."

ரெஜினா கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"கடைசியா என்ன சொன்ன?"

"டயாலிசிஸ் முறை. ஆஸ்பத்திரியில இடம் பிடிக்கிறதுக்கு ஒண்ணு இருந்துச்சே, அப்புறம் எடுத்துட்டாங்களே, அது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நல்ல ஆளாத்தான் அனுப்பியிருக்காங்க" என்றாள் ரெஜினா. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆறு வருஷமாகத் தேடிய ஆள், தானே பணம் கட்டி, தானே படியேறி, அவள் முன்னால் வந்து உட்காரப் போகிறான்.

ரெஜினாவின் கணவர் அமல்ராஜ் டவுன் பஸ் டிரைவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவள் எங்கே நின்றாலும் படி சரியாக அவள் காலடியில் வந்து நிற்கிற மாதிரி வண்டியை நிறுத்தியே அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். சர்க்கரை நோய் நாற்பத்தேழு வயதில் அவர் கண்ணைக் கொண்டுபோனது. அடுத்த வருஷம் சிறுநீரகத்தை. வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்யாவிட்டால் உயிர் தங்காது. அதற்கு ஒவ்வொரு தடவையும் அந்தத் தளத்தில் முறை எண் வாங்க வேண்டும். எண்ணைச் சொன்னால்தான் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பெட்டி கதவைத் திறக்கும்.

படிவத்தை நிரப்ப நாற்பது வினாடி. முடிக்காவிட்டால் படிவம் காலியாகிவிடும். மறுபடி நுழைய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ரெஜினா வீட்டில் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. போகிற போக்கில் அவளே வாங்கிக் கொடுத்துவிடுவாள். அமல்ராஜ் தானாகச் செய்து பார்க்க ஆசைப்படுவார். அவருடைய வாசிப்பான் ஆக மெதுவான வேகத்தில், ஒன்றில் இருக்கும். சாமியார் பிரசங்கம் மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லும். பக்கத்தில் இருந்து கேட்கிற ரெஜினாவுக்குப் பொறுக்காது. "இவ்வளவு மெதுவா கேட்டா எப்பங்க முடிக்கிறது? வேகத்தைக் கூட்டுங்க, பழகிரும்" என்று கையிலிருந்து வாங்கிவிடுவாள். "எனக்கு இதுதான் ரெஜினா காதுல ஏறுது" என்பார் அவர்.

அவள் ஐந்து நாள் வேலையாகச் சென்னைக்குப் போன வாரத்தில்தான் அது நடந்தது. போனில் கேட்டபோதெல்லாம், "முறை கிடைச்சிருச்சு, நீ வேலையப் பாரு" என்று சொன்னார். ஒரு நாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், பெட்டி எண் கேட்டதும் திரும்பி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டாரிடம்கூட வாய் திறக்கவில்லை. கட்டினவளுக்கு ஒரு நிமிஷ வேலை, தனக்கு இது முடியாதா என்கிற வீம்பு. திங்கட்கிழமை விடிந்தபோது அவர் இல்லை.

அடக்கம் முடிந்து வந்து அவருடைய வாசிப்பானின் குறிப்பேட்டை ரெஜினா திறந்தாள். "உங்கள் நேரம் முடிந்தது. மீண்டும் தொடங்கவும்." பதினொரு தடவை அதே வரி. இரண்டு நாளில் பதினொரு தடவை அந்த மனுஷன் முயன்றிருக்கிறார்.

அவள் மனு மேல் மனுவாகப் போட்டாள். கடைசியில் இரண்டு வரியில் பதில் வந்தது. தளம் முறைப்படி சோதிக்கப்பட்டதாம். பார்வையற்ற சோதனையாளர் ஒருவர் தடையின்றி முடித்தாராம். "எந்த ஆளு முடிச்சான், கூட்டிட்டு வாங்க பாக்கலாம்!" என்று அந்த அலுவலகத்தில் நின்று கத்தினாள். பொய்ச் சான்று என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்தத் தொழிலில் பொய்ச் சான்று எப்படிப் பிறக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? சில மாதத்தில் தளத்தை எடுத்துவிட்டார்கள். கட்டிய கம்பெனியும் கடையைக் கட்டிவிட்டது. ரெஜினாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. நாற்பது என்று வைத்தது யார்?

*

குணசீலன் நல்ல மாணவனாக இருந்து தொலைத்தான். அதுதான் ரெஜினாவுக்கு எரிச்சல். திமிர் பிடித்தவனாக, "இதெல்லாம் நாலு பேருக்காகவா மேடம்?" என்று கேட்கிறவனாக இருந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

முதல் நாள் அவன் ஒரு பக்கத்தைக் கட்டிக் கொண்டுவந்து, தானியங்கிச் சோதனையில் நூற்றுக்கு நூறு, எல்லாம் பச்சை என்று சந்தோஷமாகச் சொன்னான். ரெஜினா அவன் கழுத்தில் வளையத்தை மாட்டிப் பார்வையைப் பூட்டினாள். "இப்பக் கேளுங்க" என்றாள். வாசிப்பான் சொன்னது: "படம். படம். படம். பட்டன். பட்டன். இங்கே. இங்கே. பட்டன்."

"என்ன குணசீலன், எந்த பட்டனை அமுக்கப் போறீங்க?"

அவன் ஒவ்வொரு பட்டனாகத் திரும்பக் கேட்டுப் பார்த்தான். "எல்லாத்துக்கும் பேரு வெச்சேன் டீச்சர். பேருன்னு ஒண்ணு இருக்கான்னுதான் அந்தச் சோதனை பாக்குது. உருப்படியான பேரான்னு பாக்கல" என்றான்.

"பிள்ளைக்குப் பிள்ளைன்னு பேரு வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க. போங்க, திரும்பக் கட்டிட்டு வாங்க."

மறுநாள் சரியாகக் கட்டிக்கொண்டு வந்தான். அடுத்தடுத்த நாட்களில் மவுஸைத் தொடாமல் சாவிப்பலகையாலேயே நகர்ந்தான். சிவப்பு நிறத்தை மட்டும் காட்டித் தப்பைச் சொல்லக்கூடாது, எழுத்திலும் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டான். நடுங்கும் விரலோடு உட்கார்ந்து, தான் வைத்த பட்டன்கள் எவ்வளவு சின்னவை என்று தன்னையே திட்டிக்கொண்டான். வாசிப்பானுக்கு வேகம் என்று ஒன்று உண்டு, ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதைக் கேட்டபோது மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். ரெஜினா அதைக் கவனித்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பிரமாதம் குணசீலன்" என்று தேன் ஒழுகப் பாராட்டிக்கொண்டே இருந்தாள். ஆட்டுக்கு மாலை போடுகிறவரும் அன்பாகத்தானே போடுவார்.

கடைசித் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. மாணவன் பார்வையைப் பூட்டிக்கொண்டு ஒரு பக்கத்தை முடிக்க வேண்டும். அதற்குத் திறப்புப் பக்கம் என்று பெயர். முடித்தால் வளையம் தானாகக் கழன்றுகொள்ளும். வேறு எப்படியும் கழற்ற முடியாது. எந்தப் பக்கம் என்பதைப் பயிற்சியாளர்தான் தேர்ந்தெடுப்பார். எட்டு மணி நேரத்துக்கு மேல் பூட்டு இருந்தால் பார்வை திரும்புவது சந்தேகம் என்பதால், ஏழாவது மணியில் அலுவலகத்தில் ஒரு மணி அடிக்கும்; உடனே பயிற்சியாளர் பக்கத்தை எளிதாக்கி முடிக்க வைப்பார். இரண்டு பயிற்சியாளர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி.

"உன் தங்கச்சி மக நிக்காஹ் அன்னிக்குத்தானே? நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றாள் ரெஜினா.

"விதி?"

"ஒரே ஆளு. அதுவும் நல்லா படிக்கிற ஆளு. அரை மணி நேரத்துல வெளிய வந்துருவாரு. எனக்கு பிரியாணி மட்டும் மறக்காமக் கொண்டா."

சனிக்கிழமை சாயங்காலம் பர்வீன் போன பிறகு ரெஜினா வேலையை ஆரம்பித்தாள். அமல்ராஜின் கருவியில் அந்த டயாலிசிஸ் படிவப் பக்கம் அப்படியே சேமிப்பில் இருந்தது. ஆறு வருஷமாக அதைத் திறக்க மனம் வரவில்லை. இப்போது எடுத்துத் திறப்புப் பக்கமாக வைத்தாள். அதே நாற்பது வினாடி, அதே அரை மணிக் காத்திருப்பு. ஏழாவது மணியின் அழைப்பை நிறுத்தினாள். சரியாக ஓடுகிறதா என்று தானே ஒரு தடவை பார்த்தாள். கடுகு பொரிந்தது. முப்பத்தொரு வினாடியில் பூட்டு திறந்துகொண்டது.

"சே, வேகத்தைக் குறைக்கலையே" என்று தலையில் தட்டிக்கொண்டாள். வாசிப்பானை ஒன்றில் வைத்து, மாற்ற முடியாதபடி பூட்டினாள்.

அவள் மேஜையில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். பிரெயில் புள்ளிகள் மட்டும் கொண்டது, பார்க்கிறவர்களுக்கு அது வெறும் தகடு. மையத்துக்கு வருவதற்கு முன் அவள் வீட்டிலிருந்தபடியே தளங்களைச் சோதித்துக் கொடுத்த காலத்தில் கிடைத்தது. பாரபட்சம் வரக்கூடாதென்று பக்கங்கள் பெயர் நீக்கி வரும். எந்தக் கம்பெனி, எதற்கான படிவம், எதுவும் தெரியாது. "கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு" என்றுதான் இருக்கும். ஒரு நாளைக்கு இருபது பக்கம் தள்ளுவாள். சோதிக்கிறவர்களுக்கும் பெயர் கிடையாது, எண்தான். 'மாநிலத்தின் மிக வேகமான சோதனையாளர், எண் 114' என்று தகடு சொன்னது. அது அவள் எண்; பர்வீனிடம் மட்டும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கும் வழக்கம்போல அதை ஒரு தடவை தடவிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் குணசீலன் கழுத்தை நீட்டினான். வளையம் 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. போன் விதிப்படி வெளியே லாக்கரில். கட்டிடத்தில் அன்றைக்கு வேறு ஆளே இல்லை.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்?"

"ஆரம்பிங்க."

வாசிப்பான் நிதானமாகத் தொடங்கியது. "பதிவுப் படிவம். எல்லாக் கட்டங்களும் கட்டாயம். பதினாறு இலக்க அடையாள எண்..." அவன் தட்டினான். பெயர், வயது, பிறகு மாவட்டம். அரியலூரில் ஆரம்பித்து ஒவ்வொரு மாவட்டமாக அது சொல்லிக்கொண்டு வந்தது. கடலூரைத் தாண்டவில்லை.

"உங்கள் நேரம் முடிந்தது. மீண்டும் தொடங்கவும்."

"ஒண்ணு" என்றாள் ரெஜினா.

அவன் சிரித்தான். "நேர வரம்பு வெச்சு மாட்டிட்டீங்க. சரி, வேகத்தைக் கூட்டிக்கறேன்." சாவியைத் தேடினான். "கூட்ட முடியலையே?"

"முடியாது."

ஒன்பதரைக்கு இரண்டு. பத்துக்கு மூன்று. கேட்காமல் தட்டிப் பார்த்தான், எண் தப்பானது. மனப்பாடமாகத் தட்டிப் பார்த்தான், மாவட்டத்தில் மாட்டினான். பத்தரைக்கு நான்காவது தடவையும் படிவம் காலியானபோது சாவிப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"டீச்சர், இந்தப் பக்கத்தை எனக்குத் தெரியும். இது நான் செஞ்சது."

"அதைக் கண்டுபிடிக்க நாலு தடவை ஆச்சா உங்களுக்கு?"

"கேட்டதே இல்லையே டீச்சர். பாத்திருக்கேன். ஆயிரம் தடவை பாத்திருக்கேன். ஒரு தடவைகூடக் காதால கேட்டதில்ல."

ரெஜினா தன் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இந்த நிமிஷத்துக்காக அவள் ஆறு வருஷம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றையும் விடவில்லை. அமல்ராஜைச் சொன்னாள், பஸ் படியைச் சொன்னாள், ஆஸ்பத்திரி வாசலில் இருந்து திரும்பிய ஆட்டோவைச் சொன்னாள், குறிப்பேட்டில் இருந்த பதினொரு வரியைச் சொன்னாள். அவன் மூச்சு மாறுவது கேட்டது. கேட்கக் கேட்க அவள் வயிற்றில் எரிந்தது குளிர்ந்தது. இது பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏழாவது மணி அடிக்காது. நிறுத்திட்டேன். அஞ்சு மணிக்கு எட்டு மணி நேரம் ஆயிரும்."

"கண்ணு போயிரும் டீச்சர்" என்றான் மெல்ல.

"போனா என்ன? நான் வாழலையா? சமைக்கிறேன், சம்பாதிக்கிறேன், உங்களுக்கே பாடம் எடுத்தேன். கண்ணு போனா உயிரு போகாது குணசீலன். பக்கம் திறக்கலன்னாத்தான் போகும். பதினொண்ணு வரைக்கும் எண்ணுவேன். அதுக்கு மேல உங்க பாடு."

அவன் கத்தவில்லை, கழுத்து வளையத்தைப் பிடித்து இழுக்கவில்லை. பதினொன்றுக்கு ஐந்தாவது தடவை உட்கார்ந்தான். பதினொன்றரைக்கு ஆறு. பன்னிரண்டுக்கு ஏழு. ஏழாவதில் திண்டுக்கல் வரைக்கும் வந்தான். பன்னிரண்டரைக்கு எட்டாவதும் போனது.

"நீங்க எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள் ரெஜினா. "ஆறு வருஷமா கேக்கறேன், யாரும் பதில் சொல்லல. நாப்பதுன்னு யாரு வெச்சது?"

"நான்தான்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஒப்புக்கொண்டுவிட்டான். "ஏன் நாப்பது? ஏன் நாலு நிமிஷம் இல்ல?"

"முதல்ல நேரமே வைக்கல டீச்சர். படிவத்தைத் திறந்தா ஒரு முறை எண் அவங்க பேருல நின்னுரும். தரகனுங்க நூறு படிவத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு, வெளியில ஆளு பிடிச்சு வித்தானுங்க. கூலி வேலை செய்யறவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல. நேரம் வைன்னு மேல சொன்னாங்க. இருபது வினாடின்னாங்க. பார்வை இல்லாதவங்க எப்படி முடிப்பாங்கன்னு சண்டை போட்டேன். சரி, அப்படி ஒரு ஆளை விட்டுப் பாரு, அவரு எடுக்குற நேரத்துக்கு மேல கொஞ்சம் கூட்டி வெச்சுக்கன்னாங்க."

"விட்டுப் பாத்தீங்களாக்கும்."

"நிஜமாப் பாத்தேன். பேரை எல்லாம் எடுத்துட்டு சோதனைக்கு அனுப்பினேன். மறுநாளே ரிப்போர்ட் வேணும். இருக்குறதுலயே வேகமான ஆளாக் குடுங்கன்னு கேட்டேன். கொடுத்தாங்க. அவரு முப்பத்தொரு வினாடியில முடிச்சாரு. நான் ஒம்போது கூட்டி நாப்பதாக்கினேன். ரொம்பத் தாராளம்னு நெனச்சேன்."

முப்பத்தொன்று என்ற எண்ணை நேற்றுச் சாயங்காலம் இதே அறையில்தான் கேட்டிருந்தாள்.

"யாரு அந்த ஆளு?"

"பேரு தெரியாது. எண்தான் தெரியும். நூத்திப் பதினாலு. அந்த ரிப்போர்ட்டுல கடைசி வரி இன்னும் ஞாபகம் இருக்கு. 'தடை ஏதும் இல்லை. நேரம் தாராளம்.' எந்த வேகத்துல கேட்டீங்கன்னு அவரைக் கேக்கணும்னு எனக்குத் தெரியல டீச்சர். வேகம்னு ஒண்ணு இருக்குன்னே நீங்க சொல்லித்தான் தெரிஞ்சது. நீங்க சொன்ன அன்னிக்கே எனக்கு அந்த நாப்பது ஞாபகம் வந்துச்சு. ராத்திரி தூக்கம் இல்ல. ஒரே ஒரு ஆளைக் கேட்டேன், அதுலயும் வேகமான ஆளாப் பாத்துக் கேட்டேன். தப்பு என்னுதுதான்."

தடை ஏதும் இல்லை, நேரம் தாராளம். ஒரு நாளைக்கு எத்தனை பக்கத்தின் கீழே அதை எழுதியிருப்பாள்! எழுதிவிட்டு, பக்கத்தில் வாசிப்பானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அமல்ராஜிடம், "பாருங்க, நான் இன்னொண்ணு முடிச்சிட்டேன்" என்று சொல்லியிருப்பாள். அந்த அலுவலகத்தில் நின்று எந்த ஆள் என்று கத்தினாளே, அந்த ஆள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

ஆறு வருஷம் ஊட்டி வளர்த்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவளுக்குள் சுற்றியது. முதலில் அது குணசீலன் மேலேயே பாய்ந்தது. இவன் இப்படியே இருக்கட்டும். ஐந்து மணி ஆகட்டும். இவனுடைய பேச்சை அப்புறம் யார் நம்புவார்கள்? நூற்றுப் பதினாலை யாரும் தேடி வரமாட்டார்கள். அந்த எண்ணம் வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு மணிக்கு ஒன்பதாவது தடவை. "உங்கள் நேரம் முடிந்தது" என்று வாசிப்பான் சொன்னபோது ரெஜினா எண்ணவில்லை. எழுந்து தன் மேஜைக்குப் போனாள். பழி என்று ஒன்று வாங்கினால் அது சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவள் இப்போதும் மாறவில்லை. கணினி அமைப்புக்குள் போய் நேர வரம்பை எடுத்துவிட்டாள். காத்திருப்பையும் எடுத்துவிட்டாள்.

"இப்பப் போடுங்க."

"அரை மணி ஆகலையே டீச்சர்?"

"போடுங்கன்னா போடுங்க."

அவன் நிதானமாகக் கேட்டுக் கேட்டுத் தட்டினான். மாவட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. திருச்சிராப்பள்ளி வந்ததும் அமுக்கினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வளையம் கழன்று அவன் மடியில் விழுந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். ரெஜினா தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"பாஸு. கெளம்புங்க. போலீஸுக்குப் போகணும்னா போங்க, மணியை நிறுத்தினது நான்தான்னு ஒத்துக்கறேன்."

"போயி என்ன சொல்றது? நான் செஞ்ச பக்கத்துக்கு முன்னால என்னையே உட்கார வெச்சாங்கன்னா?" வாசல் வரை போனவன் நின்றான். "டீச்சர், அந்த நூத்திப் பதினாலு கையில கெடச்சா என்ன செய்வீங்க?"

"இதே நாற்காலியில உட்கார வெப்பேன்" என்றாள் ரெஜினா.

அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு கதவைச் சாத்தினாள். நேர வரம்பை மறுபடி நாற்பதாக்கினாள். அரை மணிக் காத்திருப்பைத் திரும்ப வைத்தாள். வேகம் ஒன்றிலேயே இருந்தது. பித்தளைத் தகட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மூன்று மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாவிப்பலகையில் கையை வைத்தாள்.

ஆறு மணிக்குப் பர்வீன் பிரியாணிப் பொட்டலத்தோடு லிஃப்டில் ஏறி வந்தபோது உள்ளே வாசிப்பான் மெதுவாக மாவட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் அந்த அறையில் அது பேசிப் பர்வீன் கேட்டதே இல்லை. அவளுக்கே ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"அந்த ஆளு இன்னும் முடிக்கலையா?"

"அவரு ஒரு மணிக்கே போயிட்டாரு. பாஸு."

"அப்ப இது யாருக்கு டெஸ்டு?"

"நூத்திப் பதினாலுக்கு."

பர்வீன் சிரித்துவிட்டாள். "உனக்கு நீயே வெச்சுக்கறியா? கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிருவியே."

"உங்கள் நேரம் முடிந்தது. மீண்டும் தொடங்கவும்" என்றது வாசிப்பான்.

"ஏழு" என்றாள் ரெஜினா. "இன்னும் நாலு இருக்கு. நீ சாப்பிடு."